பாயான் லெப்பாஸில் ஓர் 8டி அறிக்கை: தரப் பொறியாளர் ஒருவரின் வேலையிட ஆங்கிலம்

பினாங்கில் சிப் சோதிக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஜெர்மனி வாடிக்கையாளருக்குப் போன 8டி அறிக்கையில் (புகார் வந்தால் எட்டுப் படிகளில் எழுதும் பதில்) இப்படி ஒரு வரி இருந்தது: 'வி செக் ஆல் ஸ்டாக் அண்ட் நோ இஷ்யூ.' மறுநாளே பதில் வந்தது. கையிருப்பு முழுவதையும் சோதித்து முடித்துவிட்டீர்களா, எப்போதும் சோதிப்பது உங்கள் வழக்கமா, இனிமேல்தான் சோதிக்கப் போகிறீர்களா?

அறிக்கையை எழுதிய பெண்ணுக்கு அந்தக் கேள்வியே அவமானமாகப் பட்டது. ராத்திரி ஷிப்டில் நின்று அந்தச் சரக்கைச் சோதித்தவர்களில் அவரும் ஒருவர். "செஞ்சதைத்தானே சார் எழுதியிருக்கேன், ஏன் நம்ப மாட்டேங்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டார். அவர்கள் நம்பாமல் இல்லை. வேலை முடிந்துவிட்டது என்பது அந்த வரியில் எங்கேயும் இல்லை.

வேலையிட ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பல பேரைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒருவரின் கதையை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு: இவருக்கு என்ன குறை என்பதில் ஆளுக்கு ஒரு முடிவு வைத்திருந்தார்கள். மெனேஜர் 'கிராமர் வீக்' என்றார். மனிதவளப் பிரிவு 'தன்னம்பிக்கை இல்லை' என்றது. அவரோ தன் உச்சரிப்புதான் காரணம் என்று நினைத்தார். மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை, ஆனால் வாடிக்கையாளருக்குத் தொந்தரவு கொடுத்தது அவை எதுவுமே இல்லை. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பினாங்கின் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியது. இண்டெல் போன்ற நிறுவனங்கள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. ஆரம்பத்தில் பெரும்பாலும் கையால் செய்யும் அசெம்பிளி வேலை. லைனில் நிற்பவருக்கு ஆங்கிலம் பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லை; மலாய், ஹொக்கியன் சீனம், தமிழ் என்று கலந்து ஓடும். இன்று அதே வட்டாரத்தில் சோதனை, வடிவமைப்பு, வாடிக்கையாளர் தரம் என்று வேலை மேலே ஏறியிருக்கிறது. நல்ல டெக்னீஷியன் ஒருவர் பதவி உயர்ந்ததும் முதலில் கைக்கு வருவது கருவி இல்லை, மெயில்பெட்டி.

நம்மவர் செபராங் பிறையில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். 2003இல் அரசாங்கம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றிய ஆண்டில் முதலாம் வகுப்பில் சேர்ந்த தலைமுறை. 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிட முடிவெடுத்தபோது அவர் புகுமுக வகுப்பில் (தமிழ்ப்பள்ளி முடித்தவர்கள் இடைநிலைப் பள்ளிப் படிவங்களுக்கு முன் படிக்கும் ஓராண்டு) இருந்தார். இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலும் மலாய். அப்புறம் பாலிடெக்னிக், டிப்ளோமா, டெக்னீஷியன் வேலை, சில வருடத்தில் வாடிக்கையாளர் தரப் பொறியாளர்.

இந்த வழியில் வந்தவர்களிடம் ஒரு அடையாளம் உண்டு. பெயர்ச்சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் கைவசம் இருக்கும். வோல்டேஜ், லீக்கேஜ், பின், ரீல் (சிப்களைச் சுற்றி வைக்கும் சுருள்), லாட் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கு) எதிலும் தடுமாற மாட்டார்கள். வாக்கியத்தை நகர்த்துவது வினைச்சொல், அங்கேதான் கால் இடறும். இவருடைய அறிக்கைகளும் அப்படித்தான் இருந்தன: சரியான பொருள்கள் வரிசையாக நிற்கும், அவற்றுக்கு என்ன நடந்தது என்பது மட்டும் மங்கலாக இருக்கும்.

மெயில்களில் கண்டது

வகுப்பு தொடங்கும் முன் அவர் அனுப்பிய பழைய மெயில்களைக் கேட்டு வாங்கினேன். வாடிக்கையாளர் பெயர்களையும் பாகங்களின் எண்களையும் அவரே அழித்துவிட்டுத் தந்தார். எது இலக்கணப் பிழை என்று நான் தேடவில்லை. எந்த மெயிலுக்குப் பதிலாக இன்னொரு கேள்வி வந்தது என்று மட்டும் பார்த்தேன். இது எளிமையான வழி, செலவில்லாத வழி. கேள்வி கிளப்பாத பிழையைத் திருத்துவதில் எனக்கு அவசரம் கிடையாது.

பார்த்தால், 'ஏ', 'தி' விட்டுப்போன இடங்களும் பன்மையில் 'எஸ்' விழுந்த இடங்களும் நிறைய. அவற்றால் ஒரு கேள்விகூட வந்ததில்லை. படிக்கும் ஜெர்மன்காரரும் ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்தான், அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. கேள்விகள் வந்த இடங்கள் வேறு. எப்போது நடந்தது என்று தெரியாத வரிகள். யார் செய்வார் என்று சொல்லாத வரிகள். வாக்குறுதியா விருப்பமா என்று புரியாத வரிகள்.

முதலாவதுதான் பெரிய சிக்கல். மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. 'சூடா' என்று ஒரு சொல்லை முன்னால் வைத்தால் முடிந்தது என்று பொருள். அந்தப் பழக்கம் நம் ஊர் ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' என்று உட்கார்ந்திருக்கிறது. 'ஐ ஃபினிஷ் ஆல்ரெடி' என்றால் மாமாக் கடையிலிருந்து (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) போர்டு ரூம் வரை இங்கே எல்லாருக்கும் புரியும். லைனில் பேசும்போது இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எழுதும்போது 'ஆல்ரெடி' பேச்சுவழக்கு என்று தெரிந்து அதை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் நிற்பது 'ஐ ஃபினிஷ்', 'வி செக்'. காலத்தைச் சுமந்த ஒரே சொல்லும் போய்விடுகிறது.

தமிழில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதில் தடுக்கி விழுவதுதான் வேடிக்கை. செய்தோம், செய்கிறோம், செய்வோம். நம் வினைச்சொல் காலம் காட்டாமல் வாயிலிருந்து வெளியே வராது. அவரிடம், "இந்த வரியைத் தமிழில் சொல்லுங்கள்" என்றேன். யோசிக்காமல், "எல்லா ஸ்டாக்கையும் செக் பண்ணிட்டோம்" என்றார். அடுத்த வரி? "இனிமே ஒவ்வொரு லாட்டையும் செக் பண்ணுவோம்." இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி 'வி செக்' என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து அவர் மேசையில் ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் மனதுக்குள் தமிழ் வால் எது என்று கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற ஆங்கில வடிவத்தை எடுப்பது. வாக்கியத்தை முழுவதும் மொழிபெயர்ப்பது இல்லை, வால் மட்டும்.

8டி அறிக்கை இதற்கு நல்ல பயிற்சிக்களம். ஃபோர்ட் நிறுவனம் 1987இல் கையேடாக வகுத்த முறை இது; இன்று கார்களுக்குச் சிப் விற்பவர்களில் பெரும்பாலோர் புகார் வந்தால் இந்தப் படிகளில்தான் பதில் எழுத வேண்டும். ஒவ்வொரு படியும் தனக்கென்று ஒரு காலத்தைக் கேட்கிறது என்பதை இவரோடு உட்கார்ந்தபோதுதான் தெளிவாகப் பார்த்தோம். டி3 என்பது சேதம் பரவாமல் உடனடியாகத் தடுத்தது. அது செய்து முடித்ததாக இருக்க வேண்டும், தேதியோடும் எண்ணிக்கையோடும். டி4 மூல காரணம், அது நடந்துபோன விஷயம். டி5 நிரந்தரத் தீர்வாக எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது, இன்னும் நடக்கவில்லை. டி6 அதை நடைமுறைப்படுத்தியது, எந்த நாளிலிருந்து என்பதோடு. டி7 இனி வராமல் தடுப்பது, பெரும்பாலும் வழக்கமாக என்ன செய்வோம் என்று எழுதுவது. ஆக, டி5இல் இறந்தகாலம் வந்தால் பொய்யாகிவிடும். டி3இல் எதிர்காலம் வந்தால் வாடிக்கையாளர் லைனை நிறுத்தச் சொல்வார். இலக்கணப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தபோது ஏறாத காலங்கள், தன் வேலையின் படிகளில் வைத்ததும் சீக்கிரமே ஏறின.

யார் செய்வார் என்ற விஷயத்தை அவ்வளவு நீட்ட வேண்டாம். 'ஆக்‌ஷன் வில் பி டேக்கன்' என்று எழுதினால் அறிக்கை கம்பீரமாகத் தெரியும் என்று எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) கட்டுரை நாட்களிலிருந்தே நமக்கு ஒரு நம்பிக்கை. அதற்கும் மேலே, 'நான்' என்று எழுதினால் தற்பெருமை, இன்னொருவர் பெயரைப் போட்டால் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்ற தயக்கம் இவருக்கு இருந்தது. பெயருக்குப் பதில் பொறுப்பைப் போடச் சொன்னேன்: டெஸ்ட் டீம், ப்ராசஸ் எஞ்சினியர். அதோடு தீர்ந்தது.

மூன்றாவது, வாக்குறுதி. 'கேன் யூ செண்ட் பை ஃப்ரைடே?' என்று கேட்டால் நம் ஊரில் 'கேன்' என்று பதில் வரும். அதில் 'சரி, பார்க்கலாம், பெரும்பாலும் முடியும்' எல்லாம் அடங்கியிருப்பது நமக்குத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு அது உறுதிமொழி. இதற்கு நேர் எதிராக, 'ஷுட் பி ஓகே' என்று இவர் உறுதியாகவே சொன்னதை அவர்கள் சந்தேகமாக எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை என்பதும் யாருடைய வெள்ளிக்கிழமை என்று சொல்ல வேண்டும்: பினாங்கில் மாலை 6 மணி என்றால் ஜெர்மனியில் குளிர்காலத்தில் காலை 11, கோடையில் பகல் 12. தேதியை 03/04 என்று எழுதினால் அமெரிக்கக் கிளை அதை மார்ச் 4 என்று படிக்கும், அதனால் மாதத்தை எழுத்தில் எழுதச் சொன்னேன். ஜெர்மன்காரர்கள் தசமத்துக்குக் காற்புள்ளியும் ஆயிரத்துக்குப் புள்ளியும் வைப்பார்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு அளவீட்டுத் தாளில் அதனால் ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறார்.

அழைப்பில் மௌனம்

எழுத்து ஓரளவு சீரானதும், வாரம் ஒருமுறை நடக்கும் அழைப்புக்கு வந்தோம். பினாங்கு நேரம் மாலை 4 மணி. இங்கே மெனேஜர், இவர், இன்னும் இருவர். அங்கே நாலைந்து பேர். தன்னம்பிக்கை இல்லை என்று மனிதவளப் பிரிவு சொன்னது இதை வைத்துத்தான்: அழைப்பு முழுக்க வாயே திறக்க மாட்டார்.

என்னை இந்த விஷயத்தில் அதிகம் யோசிக்க வைத்த சம்பவம் ஒன்று. ஒரு அழைப்பில், திருப்பி அனுப்பிய ரீல்கள் எந்த வாரத்தில் தயாரானவை என்று வாடிக்கையாளர் தவறாகச் சொன்னார். இவருக்கு அது தவறு என்று உடனே தெரிந்தது, எண் மனப்பாடம். சொல்லவில்லை. மெனேஜர் இருக்கும்போது, அதுவும் வாடிக்கையாளர் பேசும்போது, குறுக்கே பேசுவதா? அழைப்பு முடிந்ததும் மெயில் போடலாம் என்று நினைத்தார். அதற்குள் கூட்டக் குறிப்பு வந்துவிட்டது, தவறான வாரம் 'ஒப்புக்கொள்ளப்பட்டது' என்ற தலைப்பின் கீழ். நல்ல நிலையில் இருந்த சரக்கையும் சேர்த்து நிறுத்தி வைத்தார்கள். அதை எடுத்துவிட எத்தனை மெயில் போனது என்பதை அவரே எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

பெரியவர் பேசும்போது பேசாமல் இருப்பது நமக்கு மரியாதை. சும்மா இருந்தால் சம்மதம் இல்லை, பொறுமை. அந்தப் பக்கம், ஆட்சேபம் இருந்தால் அப்போதே சொல்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. சொல்லாவிட்டால் ஆமோதித்ததாகக் கணக்கு. எந்தப் பக்கமும் இங்கே தப்பு செய்யவில்லை. ஆனால் இழப்பு இந்தப் பக்கம் வந்தது.

"எனக்கு இங்கிலீஷ் வரும் சார். ஆனா அவங்க பேசிக்கிட்டே இருக்கும்போது எந்த இடத்துல நுழையறதுன்னு தெரியல. நுழைஞ்சா மரியாதை இல்லாம போயிடுமோன்னு இருக்கு" என்றார். இதற்கு மேடைப் பேச்சுப் பயிற்சி எந்த விதத்தில் உதவும்? அவருக்குத் தேவைப்பட்டது நுழைவதற்கான சில வாக்கியங்கள். மரியாதை கெடாமல் நிறுத்தக்கூடியவை, யோசிக்காமல் வாயில் வரக்கூடியவை. 'சாரி, கேன் ஐ கரெக்ட் ஒன் பாயிண்ட்?' 'பிஃபோர் வி மூவ் ஆன், ஐ வாண்ட் டு கன்ஃபர்ம் த டேட் கோட்' (தயாரான வாரத்தைக் காட்டும் குறியீடு). 'ஐ டோண்ட் ஹேவ் தட் நம்பர் நௌ. ஐ வில் செண்ட் இட் பை டுமாரோ நூன், பினாங் டைம்.' கடைசி வாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்தது. தெரியாது என்று சொல்லவும் ஒரு வழி இருக்கிறது என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இவை கையில் இருந்தால் போதாது, குறுக்கிடும் வேகம் பழக வேண்டும். அவர் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வருபவர்; பஸ்ஸில் சத்தமாகப் பேசிப் பழக முடியாது. வீட்டில் தம்பியை வாடிக்கையாளராக உட்கார வைத்தார். தம்பி வேண்டுமென்றே தவறான எண்களை நிறுத்தாமல் படிப்பார், அக்கா பாதியில் நிறுத்த வேண்டும். அக்காவை எரிச்சல்படுத்துவது தம்பிக்குப் பிடித்த வேலை என்பதால் பயிற்சிக்கு ஆள் தட்டுப்பாடு வரவில்லை. மெனேஜரிடமும் நான் தனியாகப் பேசினேன்: அழைப்பின் தொடக்கத்தில், 'எண்களை இவர் பார்த்துக்கொள்வார், தவறு இருந்தால் நிறுத்துவார்' என்று ஒருமுறை அறிவித்துவிடுங்கள். அவரும் அறிவித்தார். என் கணக்கில் இவருடைய பயிற்சியைவிட இந்த ஒரு வரி அதிகம் வேலை செய்தது. குறுக்கே பேச அனுமதி கிடைத்துவிட்டது, அதுவும் மேலேயிருந்து.

உச்சரிப்பு என்ற பயம்

அவர் முதலில் என்னிடம் கேட்டது, 'வெள்ளைக்காரன் மாதிரி பேச' வருமா என்பதுதான். வேண்டாம் என்றேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது எந்த ஒலிகள் குழப்பம் தருகின்றன என்று ஆராய்ந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜெனிபர் ஜென்கின்ஸ். 2000இல் அவர் முன்வைத்த கருத்தின்படி, 'திங்க்' போன்ற சொற்களின் தொடக்க ஒலியை 'த', 'ட' என்று சொன்னால் பெரிய நட்டம் இல்லை. நெடில் குறில் வேறுபாடும், சொல்லின் முதலில் மெய்யெழுத்துகள் கூடி வரும் இடமும், வாக்கியத்தில் அழுத்தம் விழும் இடமும் தவறினால்தான் கேட்பவர் தொலைந்துபோகிறார். இவர் விஷயத்திலும் அதுவே ஒத்துவந்தது. 'தேர்ட்டி'யை அவர் எப்படிச் சொன்னாலும் புரிந்தது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும்தான் ஒன்றாகக் கேட்டன. அதற்கு நாக்கைத் திருத்தத் தேவையில்லை. எண்ணைச் சொல்லிவிட்டு 'ஒன் ஃபைவ்' என்று சேர்த்தால் போதும். லாட் எண்ணில் வரும் பி, டி போன்ற எழுத்துகளை விமானிகள் சொல்வதுபோல பிராவோ, டெல்டா, பாப்பா என்று சொல்லப் பழகினார். 'செக்ட்' என்று கடைசியில் மெய்கள் ஒட்டிவரும் சொற்கள் போனில் எப்படியும் காணாமல் போகும், அதனால் பேச்சில் 'யெஸ்டர்டே' என்றோ தேதியோ சேர்த்துவிடுவது. எதிர்ப்பக்கத்து ஜெர்மன்காரருக்கும் 'வி', 'டபிள்யூ' இரண்டும் குழம்பும் என்று ஒருநாள் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். உச்சரிப்புப் பயம் அன்றோடு பாதி போனது என்று நினைக்கிறேன்.

உதவாதவை

இதற்கு முன் அவரை நிறுவனம் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியிருந்தது. பத்து மலேசியத் தொழிலாளர்களுக்குக் குறையாமல் வைத்திருக்கும், சட்டத்துக்கு உட்பட்ட முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மலேசியாவின் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்புக்குப் பயிற்சி வரியாகக் கட்டுகிறார்கள். கட்டிய பணத்தைப் பயிற்சிக்குத் திரும்பப் பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எப்படியாவது செலவழித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருபது முப்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்து, ஹோட்டலில் அறை பதிவு செய்வது போன்ற உரையாடலை நடிக்கச் சொன்னால் தரப் பொறியாளருக்கு என்ன பயன்? ஒவ்வொருவரும் தன் மெயிலோடு வந்திருந்தால் அதே இரண்டு நாளில் எவ்வளவோ செய்திருக்கலாம்.

இன்னொன்று, செயற்கை நுண்ணறிவுக் கருவி. 'வி செக் ஆல் ஸ்டாக்' என்ற வரியைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னால் அது அழகாக, நீளமாக, எல்லாம் முடிந்துவிட்டது என்ற தொனியில் எழுதித் தந்தது. டி5இல் இன்னும் திட்டத்தில் இருந்ததையும் 'ஹேவ் இம்ப்ளிமெண்டட்' என்று மாற்றிவிட்டது. அதற்கு எப்படித் தெரியும், லைனில் மாற்றம் நடந்ததா இல்லையா? இலக்கணம் சுத்தம், செய்தி தவறு. வாடிக்கையாளர் தணிக்கைக்கு வந்திருந்தால் கதை வேறு. அதோடு, அந்த நீளமான சொற்களை அழைப்பில் அவரால் விளக்க முடியவில்லை. இப்போது கருவியைக் கடைசியில் எழுத்துப்பிழை பார்க்க மட்டும் வைத்திருக்கிறார், வினைச்சொல்லைத் தொடக்கூடாது என்ற கட்டளையோடு.

பிரிவு முழுவதும் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு யோசனையும் மேலிடத்தில் எழுந்தது. நான் எதிர்த்தேன். லைனில் 'மெஷின் ஸ்பாயில் லா' என்று கத்தினால் மூன்று இனத்தவரும் ஓடி வருகிறார்கள். அந்த மொழி அங்கே செய்யும் வேலையை எந்தப் பாடநூல் ஆங்கிலமும் செய்யாது. வெளியே போகும் எழுத்துக்கும் அழைப்புக்கும் மட்டும்தான் வேறு நடை தேவை.

இப்போதைய நிலை

டி3 பற்றி இரண்டாவது சுற்றுக் கேள்விகள் அநேகமாக நின்றுவிட்டன. மெனேஜர் தீபாவளிக்கு முந்தைய வாரம் விடுப்பில் போனபோது அழைப்பை இவரே நடத்தினார். 'ஏ', 'தி' இன்னமும் விடுபடுகின்றன. நாங்கள் இருவரும் அதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. மெனேஜர் மட்டும் அனுப்பும் முன் இவர் மெயிலைத் திருத்திக்கொண்டே இருக்கிறார், சில சமயம் தெளிவாக இருந்ததைக் குழப்பியும் விடுகிறார். அந்த விஷயத்தில் எனக்கு வழி தெரிந்தாலும் சம்பளம் கொடுப்பவரிடம் எவ்வளவு சொல்வது?

அழைப்பு தொடங்கும் முன் எல்லாரும் வந்து சேரும்வரை நடக்கும் வானிலை, விடுமுறை, கால்பந்துப் பேச்சு அவருக்கு இன்னும் சங்கடம். அதற்கு வாக்கியங்கள் தயார் செய்து கொடுக்க நான் மறுத்துவிட்டேன். மனப்பாடம் செய்த வானிலை கேட்கச் சகிக்காது. எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் சமையலில் ஆர்வமுள்ளவர் என்று தெரிந்து, பினாங்கு லக்சா (ஒரு நூடுல்ஸ் உணவு) பற்றி இருவரும் கொஞ்சம் பேசிக்கொள்கிறார்கள்.

அண்மையில் தைவானில் உள்ள ஒரு சப்ளையரையும் இவர் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அங்கே எழுதுபவரின் ஆங்கிலம் இவருடையதைவிட எளிமையானது. வந்த முதல் அறிக்கையிலேயே எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரியவில்லையாம். இவர் பதில் எழுதும் முன் என்னிடம் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டு, 'டன்' (முடிந்தது) என்றால் தேதி, 'பிளேண்ட்' (திட்டத்தில் உள்ளது) என்றால் தேதி, நிரப்பி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.